ஆவடிக் கஜபதியின் மூன்றாம் கணக்குப் போர்

பாடுவோம் வாருங்கள், பட்டாபிராமுக்கும் பாடிக்கும் இடைப்பட்ட பாரெல்லாம் பேர் விளங்கிய பெருவீரனை! ஆவடியிலே ராணுவ டாங்கி செய்யும் ஆலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பதினைந்தாண்டு வீற்றிருந்து, மயிரிழையைப் பத்தாகப் பிளந்து அதில் ஒரு பங்கு பிசகினாலும் பொறுக்காத கழுகுக் கண்ணனை, குவார்ட்டர்ஸ் மூன்றாம் வரிசையின் முடிசூடா மன்னனை, வனஜாவின் மணாளனை, முப்பத்தெட்டு வயதில், அஞ்சல் வழியில், பி.எஸ்ஸி. கணிதம் என்னும் பெருங்கோட்டையை முற்றுகையிட்டு, பதினொரு தாள்களை மண்கவ்வ வைத்து, பன்னிரண்டாவதான நுண்கணிதத் தாளிடம் மட்டும் இருமுறை தானே மண்கவ்விய மானமறவனை. கஜபதி என்னும் திருப்பெயர் கொண்டவனைப் பாடுவோம்! கணக்குக்கென்று ஒரு தெய்வம் எங்கேனும் இருக்குமானால், அது எமது கூட்டலும் கழித்தலும் பிசகாமல் கதை முடியும் வரை காக்கக் கடவது.

இனி எதிரியைச் சொல்வோம். எதிரியின் உயரம் தெரியாமல் வீரனின் உயரம் விளங்காது. கஜபதியின் எதிரி கணக்கு அல்ல. நுண்கணிதம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொகையிடல் சூத்திரங்கள் அவன் நாவசைவுக்குக் காத்து வரிசையில் நின்றன. அவன் எதிரி, ஊரார் 'சில்லி மிஸ்டேக்' என்று செல்லப்பெயரிட்டு வளர்த்து வைத்திருக்கும் அசட்டுப்பிழை என்னும் அசுரன். அவ்வசுரனுக்கு உடல் இல்லை, ஓசை இல்லை, தேர் இல்லை, கொடி இல்லை. எழுதும்போது வருவான், எழுதியவன் கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டான்.

முதற்போர் எண்பத்தொன்பதில் நிகழ்ந்தது. ஆறாம் பக்கத்தின் அடிவரியில் கம்பீரமாகப் படுத்திருந்த ஒரு கழித்தற்குறி, ஏழாம் பக்கத்தின் தலைவரிக்கு வந்து சேரவில்லை. தாளைப் புரட்டிய அந்த இமைப்பொழுதில் எங்கோ வழுக்கி விழுந்து மாண்டது. அதன் பின்னே வந்த வரிகள் அனைத்தும், தளபதி செத்தது தெரியாத சேனை போல, தவறான திசையில் அழகாக அணிவகுத்து நடந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தன. மதிப்பெண் முப்பத்து மூன்று. தேறுவதற்கு வேண்டியது முப்பத்தைந்து.

இரண்டாம் போர் தொண்ணூறில். இம்முறை கழித்தற்குறிகளை மந்தையில் ஆடு எண்ணுவதுபோல் எண்ணிக் காத்தான். ஆனால் தன் கையாலேயே எழுதிய 7 என்ற எண்ணை, மூன்று வரி தள்ளித் தானே 1 என்று படித்தான். மதிப்பெண் முப்பத்து நான்கு. ஒன்றே ஒன்று! தெரியாமல் தோற்றவனுக்குத் துக்கம் ஒன்று. தெரிந்தும் தோற்றவனுக்கு ஒன்பது. அதிலும் கொடுமை யாதெனில், தேர்வுக் கூடத்தில் மூன்று மணி நேரம் கண்ணில் படாத அந்தப் பிழை, அம்பத்தூரில் ரயிலேறித் திரும்பும்போது, அன்னனூர் ஸ்டேஷனில் அழையாமலே வந்து எதிர் சீட்டில் உட்காரும்.

மூன்றாம் போரோ முடிவான போர். பல்கலைக்கழகம் முரசறைந்துவிட்டது: பழைய பாடத்திட்டத்தில் எழுதுகிறவர்களுக்குத் தொண்ணூற்றொன்று மே மாதமே கடைசி வாய்ப்பு, தவறினால் புதிய பாடத்திட்டத்தில் பன்னிரண்டு தாள்களையும் முதலிலிருந்து எழுதுக! பன்னிரண்டு! ஏழாண்டுகளாக ஷிப்ட் முடிந்து வந்து, கைகழுவி, காபி குடித்து, கட்டிலோரம் குந்திப் படித்த படிப்பெல்லாம் ஒரு கழித்தற்குறியின் கையில் இருந்தது. பட்டம் இருந்தால் சார்ஜ்மேன் என்னும் மேற்பார்வைப் பதவிக்கு மனுப் போடலாம். இல்லையேல், அளக்கும் நாற்காலியிலேயே அறுபது வயது வரும்வரை அளந்துகொண்டிருக்கலாம்.

இந்தச் சங்கதி ஆலை முழுதும் பரவிக் கிடந்தது. பரப்பியவன் மனோகரன். லேத்தில் இரும்பு கடைபவன். கஜபதியின் மேசைக்கு வரும் அவன் வேலையில் பாதி, சிவப்புப் பெயின்ட் பூசிய நெற்றியோடு திரும்பிப் போகும். ஆகவே அவன் நெஞ்சில் பன்னெடுங்காலப் பகை கனன்றுகொண்டிருந்தது. ஒரு பகல், கேன்டீன் என்னும் பேரவையில், டீ கிளாஸை உயர்த்திப் பிடித்து அவன் போர்முழக்கம் செய்தான்:

"இன்னா அண்ணாத்தே, எங்க பீஸெல்லாம் நீ ரிஜெக்ட் பண்ற. உன் பேப்பரை எவனோ குந்திகினு ரிஜெக்ட் பண்ணிகினே கீறானாமே?"

பெஞ்சுகள் அதிரச் சிரித்தது பேரவை. சிங்கம் சீறியது:

"இந்த தபா பாருடா. ஒரு புள்ளி தப்பாவாது."

"போன தபாவும் இதையேதான் சொன்னே, மாமே."

அம்பு தைத்தது. அன்று வீடு திரும்பிய வீரன், டீயின் ருசி மறந்தான். பேப்பரில் சினிமா விளம்பரம் பார்க்க மறந்தான். நான்கு நாள் ஒரே கணக்கை ஒன்பது முறை போட்டு, ஐந்து வெவ்வேறு விடைகளைப் பெற்று, அவற்றுள் எது மெய், எது மாயை என்று அறியாமல் மயங்கி நின்றான்.

இவ்விடத்தில் அவ்வாலையின் இரு பெருஞ்சட்டங்களை இயம்புவது கடமை. முதற்சட்டம்: ஒரு பொருளைச் செய்தவனே அதைச் சோதிக்கலாகாது. பெற்ற தாய்க்குப் பிள்ளையின் மாறுகண் தெரியாதாம். ஆகையால் கடைபவன் ஒருவன், அளப்பவன் வேறொருவன். இரண்டாம் சட்டம்: சோதித்த ஒவ்வொன்றின் அருகிலும், திருத்திய ஒவ்வொரு எழுத்தின் அருகிலும், சோதித்தவன் தன் ஒப்பத்தையும் எண்ணையும் இட வேண்டும். ஒப்பமில்லாத திருத்தம் திருட்டுக்குச் சமம். நம் வீரனின் ஒப்பம் 'க', அவன் எண் பதினேழு.

முதற்சட்டத்தின் முன்னேதான் அவன் முட்டிக்கொண்டு நின்றான். தேர்வுக் கூடத்தில் செய்பவனும் அவனே, சோதிப்பவனும் அவனே. இந்த இரும்புச் சுவருக்கு வாசல் எங்கே?

வாசல், சமையலறை வாசலில் இருந்தது. அங்கே முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த வனஜா என்னும் பெருந்தேவி, காம்பைக் கையில் ஏந்தியபடியே வரம் அருளினாள்:

"நாலு நாளா அதே கணக்கைப் போட்டுகினு கீறீங்க. ஊர்ல கீறவன் தப்பெல்லாம் உங்க கண்ணுல படுது. நேத்துகூட நான் போட்ட கோலத்துல ஒரு புள்ளி கோணலா கீதுன்னீங்க. உங்க தப்பு மட்டும் படமாட்டேங்குது. அத்த அந்த மனோகரன் எழுதினதுன்னு நெனச்சிக்கினு ஒருவாட்டி பாருங்களேன்."

இடி இடித்ததா? பூமழை பொழிந்ததா? இரண்டும் இல்லை, பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. அதுவே சங்கநாதம் ஆயிற்று. கஜபதியின் மீசை துடித்தது.

மே மாதத்துக் கத்திரி வெயில் உச்சந்தலையில் உலை வைத்த ஒரு காலைப் பொழுதில், மின்ரயில் என்னும் தேரில் கம்பியைப் பற்றி நின்று, இரண்டு மைப் பேனாவும் ஒரு பென்சிலும் லாக் அட்டவணைப் புத்தகமும் ஹால் டிக்கெட்டும் ஆகிய ஐம்பெரும் படைக்கலன்களை மஞ்சள் பைக்குள் தாங்கி, அம்பத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அமைந்த அமர்க்களத்தை அடைந்தான் நம் வீரன். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கென்று அடித்த பெஞ்சு. முழங்கால் இரண்டும் முட்டின. சுற்றிலும் இருபது வயது இளங்காளைகள். கண்காணிப்பாளராக நின்றவர் ஜமீலா என்னும் விரிவுரையாளர். மெலிந்த உருவம், கடைசி பெஞ்சையும் கடந்து சுவரில் பட்டுத் திரும்பும் குரல்.

பத்து மணி. மணியோசை. போர்!

பத்துக் கேள்விகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்தான். வேங்கை பாய்ந்தது போலப் பாய்ந்தான் என்று பாட ஆசைதான். உண்மையில் பேனா முதலில் எழுதவில்லை, இரண்டு முறை உதறினான், முன் பெஞ்சுக்காரன் சட்டை முதுகில் மூன்று நீலப் புள்ளிகள் விழுந்தன. அதன்பின் பாய்ந்தான். தொகையிட்டான், வகையிட்டான், வர்க்கமூலங்களை வேரோடு பிடுங்கினான், பின்னங்களைப் பிளந்தான். எழுந்து எழுந்து கூடுதல் தாள் வாங்கி வாங்கி அடுக்கினான். மின்விசிறி சுற்றாத அந்தக் கூடத்தில், மூக்கு நுனியில் திரண்ட வியர்வைத் துளி விடைத்தாளில் விழுந்து ஒரு புள்ளியாகி மதிப்பைப் பத்தில் ஒன்றாக்கிவிடுமோ என்று அஞ்சி, ஒவ்வொரு துளியையும் தோளில் துடைத்தபடி போர் புரிந்தான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஐந்து கணக்கும் முடிந்தன. இளங்காளைகள் இன்னும் மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். கஜபதி பேனாவை வைத்தான். கண்ணை மூடினான். 'இது நான் எழுதியதல்ல, நான் எழுதியதல்ல. மனோகரன் எழுதியது' என்று மூன்று முறை உள்ளுக்குள் உருவேற்றினான். கண்ணைத் திறந்தான்.

என்ன மாயம்! அத்தனை நேரம் முத்துச் சரமாய் மின்னிய கையெழுத்து, கோழி கிளறிய குப்பைமேடாய்த் தோன்றியது. 'இதெல்லாம் ஒரு வேலையா?' என்று அவன் உதடு தானே சுழித்தது. பதினைந்தாண்டுப் பகை விழியில் வந்து அமர்ந்தது. அசட்டுப்பிழை அசுரன் அதுவரை எழுதியவன் கண்ணுக்கு மட்டுமே ஒளிந்து பழகியவன். பகைவன் கண் பார்க்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மறைவிடம் இன்றி நடுக்களத்தில் அம்மணமாய் நின்றான்.

முதற்கணக்கில் நான்காம் பக்கத்துக்கும் ஐந்தாம் பக்கத்துக்கும் இடைப்பட்ட கணவாயில் ஒரு கழித்தற்குறி காணாமற்போயிருந்தது. "மாட்னியா!" என்று மனத்துள் கர்ஜித்துக் குறியை மீட்டு, கீழுள்ள வரிகளைத் திருத்தினான். இரண்டாம் கணக்கில், கேள்வித்தாளில் 5 என்றிருந்ததை 6 என்று பெயர்த்து எழுதியிருந்தது. "கண்ணு பின்னாடியா கீது?" என்று சினந்து அடித்து எழுதினான். மூன்றாம் கணக்கிலோ எக்ஸை அரியணையிலிருந்து இறக்கி, சைன் தீட்டாவை ஏற்றியாகிவிட்டது. ஆனால் எல்லைகள் மட்டும் பழைய மன்னனுக்குரிய சுழியம், ஒன்று என்றே கிடந்தன. புதிய மன்னனுக்குச் சுழியத்திலிருந்து 'பை' என்னும் எண்ணில் பாதி வரை அல்லவா நாடு! நாடாளத் தெரியாத மனோகரனை நொந்துகொண்டே எல்லைகளை மாற்றினான். நான்காம் கணக்கில், தொகையிட்ட பின் இறுதியில் சேர்க்க வேண்டிய மாறிலியைச் சேர்க்காமல் விட்டிருந்தது. "சோம்பேறி" என்றான். சேர்த்தான். நான்கு கணக்கில் நான்கு தலைகள் உருண்டன!

ஐந்தாம் கணக்குக்கு வந்தான். அது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு, ஒன்றரைப் பக்கம். மேலிருந்து கீழ் பார்த்தான், பிழை இல்லை. கீழிருந்து மேல் பார்த்தான், பிழை இல்லை. மனோகரன் வேலையில் பிழை இல்லாதிருக்குமா? அது நூல் இல்லாத துணியன்றோ? விடையை மீண்டும் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தான். சாவி பூட்டில் திரும்பியது போல 'டக்'கென்று பொருந்தியது. அவன் பேனா ஆத்திரத்தில் துடித்தது. ஒரே ஒரு குறுக்குக் கோடு இழுத்தால் போதும். முழுக் கணக்கும் ரிஜெக்ட். இழுத்துவிட்டு வேறு கணக்கைப் போடலாமே என்று பகை அவன் காதில் ஓதியது. நிப்பு தாளைத் தொட்டது.

இங்கேதான், கேட்போரே, வீரம் என்பது யாதென்று விளங்குகிறது! அளவுகோலின் முன் பகை இல்லை. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, நிப்பைத் தூக்கி, பல்லைக் கடித்தபடி, இல்லாத மனோகரனிடம் அவன் மெல்லச் சொன்னான்:

"பரவால்லடா. நல்லாத்தான் போட்டுகீற."

மணி பன்னிரண்டே முக்கால். வெற்றிக் களிப்பில் நிமிர்ந்தான் வீரன். அப்போது ஜமீலாவின் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது:

"எல்லாரும் கவனிங்க! பேப்பருக்குள்ள எங்கேயும் பேரு, கையெழுத்து, அடையாளக்குறி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தா பேப்பர் செல்லாது. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

சிரித்தான் கஜபதி. யாராவது அப்படிச் செய்வார்களா? ஏளனத்தோடு தன் தாளைக் குனிந்து பார்த்தான். சிரிப்பு நின்றது.

முதல் திருத்தத்தின் அருகே 'க 17.' இரண்டாவதன் அருகே 'க 17.' ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்று, ஒவ்வொரு விடைக்கும் ஒன்று என, பதினொரு இடங்களில், அழகாக, வால் சுழித்து, 'க 17.' அவன் கண் மனோகரனுடைய வேலையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அவன் வலக்கை அவனைக் கேளாமலே ஆலையின் இரண்டாம் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்தது! எவனும் செய்யாத பிழை. எந்த வழிகாட்டி நூலும் எச்சரிக்காத பிழை. பதினைந்தாண்டு பிழை பிடித்தே பழகியவன் மட்டும் செய்யக்கூடிய பிழை!

கை உயர்ந்தது. ஜமீலா வந்தார்.

"மேடம்… கையெழுத்து போட்டுட்டேன்."

"எங்க?"

"எல்லா எடத்துலயும்."

தாளைப் புரட்டிய அந்த அம்மையாரின் புருவம் ஏறிய ஏற்றம் மலையேறிய ஏற்றம். "என்ன சார் இது, எழுதிப் பாஸாக வந்தீங்களா, பத்திரம் பதிய வந்தீங்களா? படிக்க முடியாத மாதிரி நல்லா அடிச்சுடுங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு."

வாளை உருவுவது போலப் பேனாவை உருவினான். முதல் ஒப்பத்தைக் கருகக் கருக அடித்தான். கண்மை அப்பியது போல ஒரு கருங்கட்டை. முடிந்தது என்று மூச்சு விட்டான். அந்தோ! அடித்ததும் ஒரு திருத்தமல்லவா? திருத்தத்துக்கு ஒப்பம் வேண்டுமல்லவா? மூச்சு விட்ட அந்த நொடியில், கட்டையின் அருகே, வலக்கை வால் சுழித்து வைத்தது: 'க 17.'

திகைத்தான். அதையும் அடித்தான். அதன் அருகிலும் முளைத்தது. வெட்ட வெட்ட முளைத்த பத்துத் தலையோனைப் படையெல்லாம் பார்த்து மலைத்த கதை கேட்டிருக்கிறோம். அங்கே தலை முளைத்தது எதிரிக்கு. இங்கேயோ வெட்டுபவனும் கை, முளைப்பதும் அதே கையின் வேலை! அந்த இரண்டாவதும் முளைத்தபோது ஜமீலா எட்டிப் பார்த்தார்.

"சார்! அடிச்சதுக்கும் கையெழுத்தா?"

"பழக்கம் மேடம். பதினஞ்சு வருசம்."

"அய்யோ, ஆறு நிமிஷம் சார்!"

பதினொன்று பதிமூன்றாகி, சுவர்க் கடிகாரம் ஏழாண்டு உழைப்பை நொடிக்கு நொடி தின்றுகொண்டிருந்த அந்தப் பேரிடர்க் கணத்தில், கஜபதி தன் வலக்கையைத் தன் முன்னே நீட்டி, அதை முதன்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். பதினைந்தாண்டு சோறு போட்ட கை. பதவி தந்த கை. இப்போது கழுத்தறுக்க நிற்கும் கை. அதைத் தன் தொடைக்கும் பெஞ்சுக்கும் நடுவே வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்தான். பேனாவை இடக்கைக்கு மாற்றினான்.

இடக்கையே, இதுநாள் வரை உன்னைப் பாடியவர் யார்! டீ கிளாஸ் பிடிக்கவும், ரயில் கம்பி பற்றவும், காது குடையவும் மட்டுமே அழைக்கப்பட்ட நீ, எந்த ஏட்டிலும் ஒப்பமிட்டறியாத நீ, எழுத்தறிவே இல்லாத நீ, அன்று எழுந்தாய்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சுவரில் கரி இழுப்பது போல இழுத்தாய். கோணலாக இழுத்தாய், கோட்டைத் தாண்டி இழுத்தாய். ஆயினும் இழுத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் அடுத்ததற்கு நகர்ந்தாய்! முன் பெஞ்சுக்காரன் திரும்பிப் பார்த்தான். ஒரு கையின்மேல் உட்கார்ந்து, மறு கையால் தன் விடைத்தாளைத் தானே குத்திக்கொண்டிருக்கும் மீசைக்காரரைக் கண்டு, பயந்து முன்னே திரும்பிக்கொண்டான்.

ஏழு. ஒன்பது. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்றாவது ஒப்பம் கடைசிக் கருங்கட்டைக்குள் அடங்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கூடுதல் தாள்களை நூலால் கட்டி முடிச்சுப் போட இரு கையும் வேண்டும், வலக்கையை விடுவித்தான், அது மரத்துப்போய், பாம்பு கடித்தாற்போல் தொங்கியது. ஜமீலாவே முடிச்சைப் போட்டுக்கொண்டே, "அடுத்த பரீட்சைக்குக் கையை வீட்டுல வெச்சிட்டு வாங்க சார்" என்றார்.

"அடுத்ததுன்னு ஒண்ணு கெடையாது மேடம்" என்றான் கஜபதி. அது மட்டும் முழங்கவில்லை, மெதுவாகத்தான் வந்தது.

திரும்பும் ரயிலில் அவன் கணக்கைப் பற்றி நினைக்கவில்லை. பதிமூன்று கருங்கட்டைகளைப் பற்றியே நினைத்தான். திருத்துபவர் எங்கோ ஓர் ஊரில் கண்ணாடியை ஏற்றி, விளக்கொளியில் தாளை உயர்த்தி, கட்டைகளுக்குள் 'க' தெரிகிறதா என்று தேடினால்? சோதிப்பவனின் கண் எத்தனை பொல்லாதது என்று அவனுக்குத்தானே தெரியும்! ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று. மனோகரன் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அவன் பீஸுகள் சிவப்புப் பெயின்ட்டோடு திரும்பின, அவற்றுள் இரண்டு நியாயமாகவே.

ஆகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமைக் காலை, காக்கியுடுத்த தேவதூதன் சைக்கிள் மணி ஒலிக்க மூன்றாம் வரிசைக்குள் எழுந்தருளி, பல்கலைக்கழக முத்திரை பொறித்த பழுப்பு நிற ஓலையை நீட்ட, அதை வாங்க நீண்ட வலக்கையை முந்திக்கொண்டு வனஜா வாங்க, எண்திசைக் காவலரும் மூச்சடக்கி மேலிருந்து எட்டிப் பார்க்க, ஏழாண்டுத் தவமும் பன்னிரண்டு தாள்களின் விதியும் அவள் கிழிக்கும் உறையின் ஓரத்தில் ஊசலாட, முண்டாசு அவிழ்ந்து தோளில் விழுந்ததும் அறியாமல் மறவர் கோமான் கஜபதி தூணோடு தூணாக நின்றிருக்க, அவள் உள்ளிருந்த தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அறுபத்து மூணு, பாஸு, ரேஷன்ல மண்ணெண்ண ஊத்துறானாம், கேனை எடுத்துகினு போய்ட்டு வாங்க."